மாடி வீட்டுச் சத்தம்

"எத்தனை தடவை சொல்றது? நிலாமேகம். இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடாதே. மண்டையில ஏறுச்சா?"

மாடி வீட்டுக்காரர் பால்கனியில் நின்று மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார். வைஃபை பாஸ்வேர்டுக்குத்தான் இந்தப் பாடு. அந்த அம்மாளிடமிருந்து ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை.

"பொண்டாட்டிகிட்ட பேசற பேச்சா இது? அது வாயில்லாப் பூச்சி. அதான் இந்த ஆட்டம் ஆடறார்." கீழ் வீட்டு மாமியார் முகம் சுளித்தாள்.

பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, கையில் செல்போன்.

குழந்தையின் அப்பா கப்பலில் சமையல்காரன். பிள்ளை பிறந்தபோது நடுக்கடலில் இருந்தான். கரை தொடும்போதெல்லாம் கூப்பிடுவான். அப்போது நாட்டில் சிக்னல் இருந்த லட்சணத்துக்கு, முகம் பாதி வந்து அப்படியே நின்றுவிடும். டேட்டாவோ யானை விலை, குதிரை விலை. வீட்டுக்கே கம்பி இழுத்து இணைப்பு வாங்கியவர் அந்தத் தெருவில் மாடி வீட்டுக்காரர் மட்டும்தான்.

அவரிடம் கேட்டுப் பார்க்கலாமா என்று மருமகள் போன வாரம் சொல்லிப் பார்த்திருந்தாள். மாமியார் ஊருக்கே கேட்கிற குரலில் மறுத்துவிட்டாள். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கிற பழக்கம் இந்தக் குடும்பத்துக்குக் கிடையாதாம்.

அன்று சாயங்காலம் மருமகள் அந்த எழுத்துகளை மெல்லத் தட்டினாள்.

படம் அசைந்தது. அவன் முழுசாகத் தெரிந்தான். பின்னால் ஏதோ ஒரு துறைமுகம், மஞ்சள் வெயில், மினுங்கும் தண்ணீர். அந்த வெயில் அறைக்குள்ளேயே வந்துவிட்டது போலிருந்தது. குழந்தை கையை நீட்டியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எங்கேயோ மிதப்பது போல நேரம் போனது.

அதற்கப்புறம் மாடியில் பாஸ்வேர்டு மாறும், கத்தல் கேட்கும், மருமகள் காதைத் தீட்டிக்கொள்வாள்.

ஒருநாள் மாமியார் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

திரையிலிருந்து மகன் "அம்மா" என்றான். அவள் விரலால் திரையைத் தொட்டாள். ஆனாலும், "திருட்டு வழியிலயா என் பிள்ளை முகத்தைப் பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று படியேறினாள்.

நாளையிலிருந்து அவன் முகம் கிடைக்குமா? மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மாடியில் கதவு திறந்தே கிடந்தது. அந்த அம்மாள்தான் நின்றிருந்தாள். மாமியார் நடந்ததையெல்லாம் கொட்டி மன்னிப்புக் கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கணவரின் தோளைத் தொட்டு, விரல்களால் ஏதோ சொன்னாள். அவரும் விரல்களாலேயே பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"இவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காதும்மா," என்றார், ரொம்ப மெதுவான குரலில். "உங்களுக்கு வாய்விட்டுக் கேக்க வராது. நான் வேற எப்படித்தான் சொல்றது?"