மிச்சமிருந்த ஜெல்

பட்டாணிப் புரதத்தையும் கடற்பாசிப் பசையையும் கலந்து ஜெசிந்தா உறையவைத்த ஜெல், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. தீப்புண்ணுக்குப் போடுவதற்கானது. எலிக்குப் போட்டுப் பார்க்கக்கூட இன்னும் அனுமதி வரவில்லை. பொறுக்கமாட்டாமல் தன் முன்னங்கையிலேயே ஒரு துண்டை ஒட்டிக்கொண்டாள். மதியம் உரிக்கப் போனால், விளிம்பைக் காணோம். தோல் எங்கே முடிகிறது, ஜெல் எங்கே தொடங்குகிறது என்று தடவித் தடவிப் பார்த்தாள். பிடிபடவில்லை.

கூட வேலைபார்க்கும் நாச்சியப்பன் இடுக்கியால் அதை மெல்லக் கிள்ளினான்.

"ஐயோ, வலிக்குது!"

"பயந்து சாகாத ஜெசி. பட்டாணிக்கு எங்கேருந்து வலி வரும்? இங்க பாரு."

அவளுக்குத் தைரியம் சொல்லத்தான், கிண்ணத்தில் மிச்சமிருந்த ஜெல்லில் ஊசியைக் குத்திக் காட்டினான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெசிந்தா அலறிக்கொண்டு தன் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் முகம் வெளிறியது. சட்டென்று ஊசியை உருவினான்.

"காய்ச்சினது இவ்வளவுதானா?"

"இல்ல. ஒரு வாளி காய்ச்சினேன். மீதியைக் கழிவோட போட்டுட்டேன்."

ஆய்வகக் கழிவை நீராவியில் வேகவைத்த பிறகுதான் வெளியே கொட்டுவார்கள். இருவரும் மூலையிலிருந்த ஆட்டோகிளேவ் என்ற அந்த நீராவிக் கலனைத் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது வேகவைத்து முடிக்கும்வரை அதன் கதவைத் திறக்க முடியாது. ஜெசிந்தாவின் கையில் மெல்லச் சூடு பரவத் தொடங்கியது.