மாவுத் தூசி

"இன்னும் பறக்குல்லா, தம்பி" என்றார் சங்கரசுப்பு, செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டி. வெளிச்சத்தில் நாலைந்து துகள் மிதந்தது உண்மைதான். அது மரத்தூசியா, ராஜபாளையம் ரோட்டுப் புழுதியா என்று ஆண்டவன்தான் சொல்ல வேண்டும்.

இசக்கித்துரை மெஷினை அணைத்தான். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று அவனுக்கே தெரிந்தது. காலையிலிருந்து ஒரு முழுக் கதவை உப்புத்தாள் மெஷினால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது.

இத்தனைக்கும் அவன் தச்சன் இல்லை. மரம் தேய்க்கும்போது கிளம்பும் தூசியை அப்படியே உறிஞ்சிக்கொள்கிற மெஷினை விற்க வந்தவன். சங்கரன்கோவிலில் சங்கரசுப்புவின் மரப்பட்டறைக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்த மாதம் ஒரு மெஷினாவது விற்காவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் தூக்கியடித்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பனவடலிசத்திரத்தில் அவன் மனைவி சுகிர்தா நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிள்ளை பிறக்கிற நேரத்தில் எங்கேயோ ஒரு லாட்ஜில் கிடக்க அவனுக்கு மனசில்லை.

மற்ற பட்டறைக்காரர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே கூப்பிட்டு, கலர் சோடா கொடுத்து, விவரம் கேட்ட ஒரே ஆள் சங்கரசுப்புதான்.

விவரம் என்றால் லேசுப்பட்ட விவரமா? முதல் தடவை ஒரு மூலையை மட்டும் தேய்த்துக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கினார். ஃபில்டர் புதுசாக இருக்கும்போது எந்த மெஷினும் இழுக்கத்தான் செய்யும், தூசி அடைத்த பிறகும் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றார். பேச்சில் நியாயம் இருந்தது. இசக்கித்துரை முழுக் கதவையும் தேய்த்துக் காட்டினான்.

அடுத்த தடவை, தேக்குக்குச் சரி, வேம்புத் தூசிக்கு இது தாங்குமா என்று சந்தேகம் கிளப்பினார். சுவரோரம் வேப்பமரக் கதவு ஒன்று தயாராகச் சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு பெரிய மாடல் வேண்டும் என்றார். திருநெல்வேலியிலிருந்து அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தால், இதையும் முழுசாக ஓட்டிப் பார்க்காமல் பழசோடு எப்படி ஒத்துப்பார்ப்பது என்று கேட்டார்.

பட்டறையில் ஆட்களும் இல்லை. கம்பெனி மெஷினை அவர்கள் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் பொல்லாப்பு என்று சொல்லி, எல்லோரையும் வாசுதேவநல்லூரில் வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பெருந்தன்மையை இசக்கித்துரை வீட்டில் சொல்லிப் பெருமைகூடப் பட்டிருக்கிறான்.

அவனுக்கு எரிச்சல் மூளும்போதெல்லாம் சங்கரசுப்பு நெஞ்சைத் தடவிக்கொண்டு இருமுவார்.

"பெரிய தூசி மூக்கோட நின்னுரும் தம்பி. இந்த மாவுத் தூசிதான் நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிடும். அதாம் பாத்துப் பாத்து வாங்கணும்னு நெனைக்கேன்."

உடனே இவனுக்கு மனசு இளகிவிடும். பாவம், சுகமில்லாத மனிதர், அவரைப் போய்க் கரித்துக்கொட்டினோமே என்று தன்னையே திட்டிக்கொள்வான். திட்டிக்கொண்டே அடுத்த கதவைத் தூக்கி ஸ்டாண்டில் வைப்பான்.

இன்றைக்கு மனசு இளகவில்லை. மாதத்தின் கடைசி நாள்.

"அண்ணாச்சி, இதுக்கு மேல எங்க கம்பெனில மெஷின் கெடையாது. வாங்குதியளா இல்லையா, ஒரு வார்த்த சொல்லிருங்க."

சங்கரசுப்பு மெஷின் பக்கம் திரும்பவில்லை. தேய்த்த கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகத் தடவினார். அவர் முகம் மலர்ந்ததை இசக்கித்துரை பார்த்தான். ஆர்டர் கிடைத்துவிட்டது, கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டாம் என்று சந்தோஷப்பட்டுவிட்டான்.

"நல்ல மெஷின்தான் தம்பி. என்னமோ, மனசுக்குத் திருப்தி வரல" என்றார் சங்கரசுப்பு.

அவ்வளவுதான். இசக்கித்துரைக்குக் கண்ணில் நீர் முட்டியது, தூசியால் இல்லை. அவர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று, அடுக்கி நிறுத்திய கதவுகளுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். சுகிர்தாவிடம் இதை எந்த வாயால் சொல்வது என்றே அவனுக்குப் புரியவில்லை.

அப்போது பட்டறையை ஒட்டிய வீட்டிலிருந்து சங்கரசுப்புவின் மனைவி ராஜகுமாரி காபியோடு வந்தாள். வாசலில் நின்ற அவளுக்குக் கதவுகள்தான் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் குனிந்திருந்தவன் தெரியவில்லை. சங்கரசுப்பு அவசரமாகக் கண்ணைக் காட்டினார். அதைக் கவனிக்காமல் அவள் பாட்டுக்குக் கேட்டாள்:

"வீடு கட்டுதவரு கதவ எடுக்க நாளைக்கு வண்டி அனுப்புதாராம். கதவெல்லாம் தேச்சு முடிஞ்சிட்டு, ஜன்னலு மட்டுந்தான் பாக்கி. அதுக்கு எந்தக் கம்பெனிக்காரன வரச் சொல்லிருக்கிய?"