நடுச்சுவர்

பக்கத்து வீட்டுச் சன்னாசி மாமாவின் கருமாதி முடிந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் இன்றுதான் மறுபடி டிவி சத்தம் கேட்கிறது. பிரேமலதா ரிமோட்டைப் பிடித்தபடி நடுச்சுவரைப் பார்க்கிறாள். படுக்கையில் கிடந்தவர் சுவர் வழியாகத்தான் டிவி கேட்பார். இவள் நாடகம் போட்டால், சிங்களச் செய்திக்கு மாற்றும்வரை கரண்டியால் தட்டுவார். "கெழவன் உசுர வாங்குறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவாள். "இனி தட்ட ஆளில்ல. வாரம் பூரா ஒன் நாடகந்தான்," என்கிறான் புருஷன் அஜந்தன். அவர் தட்டித் தட்டி இந்தப் பக்கமும் காரை உதிர்ந்த இடத்தில் திரையின் நீல வெளிச்சம் அசைகிறது. நாடகத்தில் யாரோ சிரிக்கிறார்கள். சுவர் சும்மா இருக்கிறது. அவள் செய்திக்கு மாற்றுகிறாள். சுவருக்கு அப்பாலிருந்து சன்னாசியின் மனைவி மூக்காயி கூப்பிடுகிறாள்: "லதா, கொஞ்சம் சத்தமா வையி புள்ள."