மீசையும் நீர் மாத்திரையும்

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஆல்டோவுக்கு உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று, அடுத்த மாதம் குளச்சலில் அவனுக்குக் கழுத்தை நீட்டப்போகும் ரெஷ்மா. மற்றொன்று, அந்த ரெஷ்மாவைத் தலையாட்ட வைத்த மீசை. மீசையில்லாத முகத்தோடு வந்தால் கல்யாணமே கிடையாது என்று அவள் போனிலேயே சொல்லியிருந்தாள்.

அந்த மீசையைத்தான் ஆல்டோ வாய்க்கொழுப்பில் பந்தயம் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வடம் இழுக்கும் போட்டியில் தன் அணியை அல் குசைஸ் அணி ஜெயித்தால் அன்றைக்கே மழிப்பதாக, அந்த அணியின் கேப்டன் பர்னபாஸிடம் சவால் விட்டான். சொன்ன பிறகுதான் அவனுடைய ஆட்களை நன்றாகப் பார்த்தான். ஒவ்வொருவனும் கரமடி வலையைத் தனியாளாக இழுத்துக் கரைசேர்ப்பவன் போல இருந்தான். தவளை தன் வாயால் கெட்டது.

அறையில் அவனோடு இருக்கும் யாழ்ப்பாணத்து மகேசன் அண்ணனுக்குக் காலில் நீர் கோத்துக்கொள்ளும். டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையை விழுங்கினால், கட்டிலுக்கும் பாத்ரூமுக்குமாக நடையாய் நடப்பார். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த ஆல்டோவுக்கு ஒரு யோசனை பிறந்தது.

நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா லிஜியிடம், மகேசனுக்காகக் கேட்பதுபோல விசாரித்தான்.

"அது கிட்னி வழியா உப்ப வெளிய தள்ளும்டே. உப்பு போற வழியில தண்ணியும் போவும். வீக்கம் வத்தும், பிரஷரு எறங்கும். சீக்கு இல்லாதவன் தின்னா வாயி காயும், தலை சுத்தும், கெண்டைக்காலு இழுத்துப் பிடிக்கும். வெயில்ல வேல செய்யியவன் தொடவே கூடாது கேட்டியா?"

அக்கா சொன்னதில் கெண்டைக்கால் மட்டுமே ஆல்டோவின் காதில் ஏறியது. மகேசனிடம் இரண்டு அட்டை இருந்ததால், ஒன்றை உருவும்போது மனச்சாட்சி அதிகம் உறுத்தவில்லை.

ஞாயிறு காலை, மைதானத்துக்கு எதிரே முகம்மது சித்தீக்கின் டீக்கடையில் குசைஸ் அணிக்கு ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ தயாராக இருந்தது. உதவி செய்கிறவன் போல அதை வாங்கிய ஆல்டோ, மாத்திரைகளை இடித்து வைத்திருந்த பொடியைக் கொட்டிக் குலுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாட்டினால் ஜெயில், பிறகு நாடு கடத்தல் என்று தெரியும். ஆனாலும் மீசை போய்விடுமே.

மைதானத்தில் இருந்தது ஒரே கழிப்பறை. குசைஸ் ஆட்கள் ஏழு பேரும் அதன் வாசலிலேயே குடியிருந்தார்கள். போட்டிக்கு முன் எடை பார்க்கக்கூட ஒவ்வொருவரையும் கதவைத் தட்டித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. மொத்த எடை அளவைத் தாண்டினால் அணியையே நீக்கிவிடுவார்கள் என்பதால், ஆல்டோ தன் அணியின் தடியன் பிரைட்டை முந்தின நாளே பட்டினி போட்டிருந்தான். அப்படியும் மயிரிழையில்தான் தப்பினார்கள். குசைஸ்காரர்களோ கருவாடு போல வந்து நின்றுவிட்டு, உப்புக் கஞ்சி குடித்துப் பஸ்ஸுக்குள் சுருண்டு விட்டார்கள். ஆல்டோ மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான்.

மாலையில் விசில் ஊதியது. எதிரணியின் கெண்டைக்கால்களையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுகூடப் பிடித்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனும் அவன் ஆட்களும் குசைஸ் பக்கத்து மண்ணில் குப்புறக் கிடந்தார்கள்.

சலூன் கண்ணாடியில் தன் மொட்டை உதட்டைப் பார்த்தபோது ஆல்டோவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பர்னபாஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கப்போடு பரிசாக வாங்கிய ஆட்டுக்குட்டியும் கூடவே வந்தது.

"ஃபிளாஸ்க்குல நீ பொடி போட்டத சித்தீக் பாய் பாத்திருக்காரு."

ஆல்டோ நாற்காலியிலிருந்து இறங்கி அவன் காலில் விழப்போனான். போலீஸ், ஜெயில், ரெஷ்மா எல்லாம் கண்முன் வரிசையாக வந்தன.

பர்னபாஸ் அவனைத் தடுத்துக் கட்டிப்பிடித்து, ஆட்டுக்குட்டியின் கயிற்றை அவன் கையில் வைத்தான்.

"நேத்து ராத்திரி நாங்க எடையில அஞ்சு கிலோ கூடுதலு மக்கா, நீ மட்டும் சும்மா கெடந்திருந்தா, வடத்தத் தொடாமலே கப்பு ஒனக்குத்தான்."