நாற்பது ஜோடி செருப்பு

“நாப்பது பேரும் ஸ்டுடியோவுல இருக்கணும். ஒருத்தர் கொறஞ்சாலும் ஆர்டர் கேன்சல், சொல்லிட்டேன்!”

தொலைபேசியிலும் மேடையில் நிற்பதுபோலவே பேசினார் கஜபதி. தணிகைவேலவன் பக்த மாமன்றத்தின் நிறுவனத் தலைவர். ‘ஐநூறு உறுப்பினர்கள்’ என்று லெட்டர்பேடிலேயே அச்சிட்டு வைத்திருப்பவர்.

“இருப்பாங்க தலைவரே. வயலினே பன்னெண்டு பேரு,” என்றான் ஜெயப்பிரகாஷ்.

“நாளைக்குக் காலைல மேல போயி சாமி பார்த்துட்டு நேரா வரேன். அரோகரா கோஷத்துக்கு வேற ஆளு தேடாத. நம்ம மன்றத்து ஐநூறு பேரும் போடுவாங்க.”

“ரூம் தாங்காதுங்களே...”

“பேட்ச் பேட்ச்சா அனுப்பறேன்யா!”

ரிசீவரை வைத்துவிட்டு ஜெயப்பிரகாஷ் அறையைப் பார்த்தான். ஒரு நாற்காலி. ஒரு கம்ப்யூட்டர். ஒரு கீபோர்டு. ‘நாற்பது வாத்தியக் கலைஞர்களுடன்’ என்று வாசலில் போர்டு மாட்டி மூன்று வருடமாகிறது. நாற்பது பேரும் சென்னையில் வாங்கி வந்த சிடிக்குள் இருந்தார்கள். எந்த ஊரிலோ முகம் தெரியாத யாரோ ஒவ்வொரு சுரமாக வாசித்து அதில் பதிந்து வைத்திருந்தார்கள். கட்டையை அழுத்தினால் வயலின் அழும், தவில் அதிரும்.

“அண்ணே, தவில் கொஞ்சம் அடக்கி வாசிங்க,” என்று திரையைப் பார்த்துச் சொல்வான். பிறகு அவனே சத்தத்தைக் குறைப்பான். சில நாள் அவன் வாய் திறந்து பேசுவது அது ஒன்றுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு வர வேண்டிய இந்த முருகன் பாட்டு சிடிதான் இந்த வருடத்தின் ஒரே ஆர்டர். இதுவும் போனால் கடையைப் பூட்டிவிட்டு, பொதட்டூர்பேட்டையில் அக்கா புருஷன் பாவாவின் பவர்லூம் தறிக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் மலையடிவாரத்துக்கு ஓடினான். பக்தர்களின் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் ஜம்புலிங்கம் வாயைப் பிளந்தான்.

“நாப்பது ஜோடியா? எதுக்குய்யா, வீட்ல கல்யாணமா?”

“ஆங், கல்யாணம்தான். மதியம் குடுத்துடறேன்.”

யாரும் கேட்டு வராத பழைய செருப்புகளை மூட்டையிலிருந்து கொட்டினான் ஜம்புலிங்கம். மூன்று ஜோடி குறைந்தது. “மேல போனவங்க எறங்க நேரமாவும். அதுக்குள்ள கொண்டாந்துடு,” என்று ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் போட்டான்.

ஸ்டுடியோ மாடிப்படி முழுக்கச் செருப்பு. உள்ளறைக் கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரைப் பாடவிட்டான். கதவுக்குப் பின்னால் பன்னிரண்டு வயலின்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன.

கஜபதி நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலோடு, படியேறி வந்தார். செருப்புகளைப் பார்த்து நின்றார்.

“எங்க கலைஞருங்க?”

“உள்ள ரெக்கார்டிங் போய்கினு கீது தலைவரே. கதவத் தொறந்தா டேக் கெட்டுடும்.”

“பன்னெண்டு வயலினும் உள்ளதான் கீதா?”

“ஆங், பன்னெண்டும்.”

கஜபதி நாலு படி இறங்கினார். வரிசையில் இருந்த ஒரு பழுப்புத் தோல் செருப்பில் காலை நுழைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“இது என்னுது,” என்றார். “டோக்கன நீட்டினா, உன் செருப்பு ஸ்டுடியோக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்குதுன்றான் ஜம்புலிங்கம்.”

ஜெயப்பிரகாஷ் கதவைத் திறந்துவிட்டான். ஆளில்லாத அறையில் வயலின்கள் தம் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தன.

“மன்னிச்சிடுங்க தலைவரே. மன்றத்துல மட்டும் சொல்லிடாதீங்க. ஐநூறு பேருக்குத் தெரிஞ்சா ஊர்ல தலை காட்ட முடியாது.”

கஜபதி படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தபோது மேடைக் குரலைக் காணோம்.

“நாப்பது பேர் எதிர்ல இத எப்படிக் கேக்கறதுன்னு மலையில சாமி முன்னாடிகூட அதே கவலைதான் தம்பி. நல்ல வேளை, யாருமில்ல.” மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நான் ஒருத்தன்தான். அரோகரா போடறேன், அந்தப் பொட்டியில ஐநூறு பேரா ஆக்கிக் குடுப்பியா?”