மளை வந்தது

அவள் கையில் மைக் இருந்தது. எதிர்ச் சுவர் முழுக்க ஓர் ஆட்டுக்குட்டி நனைந்துகொண்டு நின்றது.

குட்டியின் காலடியில் இரண்டே சொற்கள்.

மழை வந்தது.

படிக்க வேண்டியது அவள். கேட்டுத் தீர்ப்புச் சொல்வது கணினி. சரியாகப் படித்தால் எழுத்து பச்சையாகும், கதை அடுத்த பக்கத்துக்குப் போகும். தப்பென்றால் சிவப்பு. கதை அங்கேயே நிற்கும்.

பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கும் இந்தச் செயலியை மாவட்டத்தின் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் வாங்கலாமா என்று ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். கேட்பது பேருக்குத்தான். வாங்குவதென்று முடிவாகி, மேடைக்குப் பூங்கொத்தும் வந்துவிட்டது.

செயலியைச் சோதித்துப் பார்த்த பள்ளிகளில் அவளுடையதும் ஒன்று. ஆனால் மைக் அவள் கைக்கு வந்ததற்கு அது காரணமில்லை. காரணம் அவளுடைய ழகரம். இந்த வட்டாரத்தில் அந்த எழுத்து சுத்தமாக வருகிற ஆள் லேசில் அகப்படாது. எந்த விழாவென்றாலும் வரவேற்புரைக்கு அவளைத்தான் தேடுவார்கள்.

"நமக்கு இருபது டேப்லெட் வருது. பாத்துப் படிங்க, கெடுத்துராதீங்க" என்று தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

அவளுக்கு யாழினி ஞாபகம்தான்.

யாழினி இரண்டாம் வகுப்பு. பெயரில் இருக்கிற ழகரம் பதிவேட்டோடு சரி. ஆசை ஆசையாக அந்தப் பெயரை வைத்த அப்பாவிலிருந்து தெருவில் ஐஸ் விற்கிறவர் வரை எல்லாருக்கும் அவள் யாளினி. அவளுக்கே அவள் யாளினிதான்.

சோதனைக்கு வந்த டேப்பை முதல் ஆளாக ஓடிவந்து வாங்கியவள். முதல் பக்கத்தை ஒரே மூச்சில் படித்தாள். ஆட்டுக்குட்டி தனியாக மேயப் போனது. பச்சை. அடுத்த பக்கம்.

மளை வந்தது என்று படித்தாள்.

சிவப்பு.

மீண்டும் முயற்சி செய், என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல். தேன் ஒழுகும் குரல்.

முயற்சி செய்தாள். கத்திப் படித்தாள். டேப்பை வாயோடு ஒட்டி ரகசியமாகப் படித்தாள். எல்லாவற்றுக்கும் சிவப்பு.

"இதுக்குக் காது கேக்கலையா டீச்சர்?"

கேட்க வேண்டிய கேள்விதானே. அவள் பிறந்ததிலிருந்து பெய்கிற மழையெல்லாம் மளைதான்.

எழுத்து தெரிகிறது. பொருள் தெரிகிறது. மழையில் குட்டி என்னாகுமோ என்ற கவலையும் வந்துவிட்டது. வாசிப்பென்றால் இதற்குமேல் என்னதான் வேண்டும் இவர்களுக்கு?

குட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கதையை டீச்சர் தானே சொல்லிவிடுவதாக இருந்தாள். யாழினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க டீச்சர். நானே படிச்சிக்கிடுதேன்."

ஒரு வாரம் அதே பக்கத்தோடு மல்லுக்கட்டினாள். பிறகு டேப்பைக் கண்டாலே அவளுக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. நேற்று கரும்பலகையில் எழுதிய வரியைப் படிக்கச் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை. செயலியில் இல்லாத, சும்மா சாக்பீஸ் வரி.

ழகரம் வேண்டாம் என்று டீச்சர் சொல்லவில்லை. பாட்டிலும் விளையாட்டிலும் அவள் ஏற்றிவிட்ட ழகரம் எத்தனையோ பிள்ளைகள் நாக்கில் இருக்கிறது. கதை ஓடட்டும், நாக்கு மெல்ல வரும். செயலியைச் செய்த கம்பெனியின் ஆளிடம் போனில் இதைச் சொன்னாள். தப்பை முளையிலேயே கிள்ளணும் மேடம், என்றுவிட்டார்.

கிள்ளுப்பட்டது தப்பு இல்லை, பிள்ளை.

"ம், படிங்க டீச்சர்" என்றார் மேடையிலிருந்த கல்வி அலுவலர்.

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"மளை வந்தது."

சிவப்பு.

அரங்கில் லேசான சிரிப்பு. இவளுக்கே வாய் குளறிவிட்டதே என்ற சிரிப்பு. மீண்டும் முயற்சி செய், என்றது தேன் குரல்.

"மளை வந்தது."

சிவப்பு.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அலுவலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்வரிசையில் ஓர் ஆசிரியை ழ, ழ என்று சத்தமில்லாமல் வாயசைத்து எடுத்துக்கொடுத்தார். கம்பெனிக்காரர் ஓடிவந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

இருபது டேப் கண்முன்னால் வந்து போனது. கூடவே தலைமை ஆசிரியை முகமும்.

"குட்டி பாவம் மேடம், எவ்வளவு நேரம்தான் நனையும்? சரியாச் சொல்லிடுங்களேன்" என்றார் கம்பெனிக்காரர், சிரிப்பை விடாமல்.

"அதத்தான் சார் எங்க யாளினியும் கேக்கா."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். நாக்கு பழக்கத்தில் ழகரத்துக்குச் சுருளப் பார்த்தது. அவள் விடவில்லை.

"மளை வந்தது."