நீலம் போகாத கைகள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்ரகலா, தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கேட்டு வாங்கிய வேஸ்ட் துணியோடு, படுக்கையில் கிடப்பவர்களைத் துடைத்துவிடப் போவாள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த வெள்ளையனின் கைகளை எட்டு மாதம் துடைத்தாள். விரல்களில் ஏறியிருந்த நீலம் மட்டும் போகவே இல்லை.

"எந்திரிச்சு நடந்தா நானும் உங்ககூடத் தொடைக்க வர்றனுங்க" என்பார் அவர். வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தார்கள்.

இந்த ஞாயிறு, வாதத்தில் விழுந்த மயிலாள் ஏற்கெனவே துடைத்துவிட்ட முகத்தோடு, உலர்ந்த விரிப்பில் படுத்திருந்தாள்.

"இப்பத்தான் கண்ணு, ஒருத்தரு வந்து தொடச்சு உட்டாரு. நீ அனுப்புனதாச் சொன்னாரு. போறப்பத் தன் கையப் பாத்துப் பாத்துச் சிரிச்சாரு."

சித்ரகலா கட்டிலடியில் இருந்த வாளியை இழுத்தாள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அடிவரைக்கும் நீலம்.